உங்கள் இசை ரசனையை அறிந்துகொள்வதும் விரித்துக்கொள்வதும் எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ரசிகர்களுக்கு

"உங்களுக்கு யார் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் விடையாக வரும். இளையராஜா என்பார்கள், ரகுமான் என்பார்கள், சற்று மூத்தவர்கள் டி.எம்.எஸ்., சுசீலா என்பார்கள். அந்த விடையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த ஒருவரின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், அந்தப் பாடல்களுக்குள் எது நம்மை இழுக்கிறது என்பதும், அதே இழுப்பு வேறு எந்த இசையில் கிடைக்கும் என்பதும் நமக்கே தெரியாமல் போய்விடுகிறது. பாட்டுக்குள் எந்த அங்கம் உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த அங்கத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் போங்கள். இந்த வழிகாட்டி சொல்லப்போவது அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

இதற்கான அளவுகோலை நாம் வெளியே போய்த் தேடவேண்டியதில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 92ஆம் பாட்டில் குழந்தையின் மழலையைப் பற்றிச் சொல்கிறார்: அது யாழோடு ஒத்துப் போகாது, காலத்தோடு பொருந்தாது, அதன் பொருளும் விளங்காது, ஆனாலும் பெற்ற தந்தைக்கு அது அருளைச் சுரக்கச் செய்யும். தம்முடைய சொல்லையும் அப்படி ஏற்றுக்கொள்பவன் என்று அதியமானைப் புகழ்வதற்காகச் சொன்னது அது. ஆனால் ஒலி ஒன்றைக் கேட்டு எடைபோடுவதற்கு வேண்டிய எல்லாம் அந்தச் சில அடிகளுக்குள் இருப்பதாக நான் எண்ணுகிறேன். யாழைச் சுருதியாகவும் ராகமாகவும், காலத்தைத் தாளமாகவும், பொருளைப் பாட்டின் வரிகளாகவும், அருளை நமக்கும் அந்தப் பாட்டுக்கும் உள்ள சொந்த உறவாகவும் வைத்துக்கொண்டால், பிடித்த ஒவ்வொரு பாட்டிடமும் கேட்பதற்கு நான்கு கேள்விகள் கிடைத்துவிடுகின்றன.

நான்காவது கேள்வியை யாரும் குறைவாக எண்ணவேண்டாம். மாரியம்மன் பண்டிகைக்குக் குழாய் ரேடியோ கட்டி விடியற்காலையில் போடும் பக்திப் பாட்டு ஒருவருக்கு உயிராக இருக்கலாம். அதற்குக் காரணம் ராகமோ வரியோ இல்லாமல், பண்டிகைக்கு ஊர் திரும்பிய அண்ணன் தம்பிகளோடு அதைக் கேட்ட காலமாக இருக்கலாம். அது முழு உரிமையுள்ள காரணமே. அந்தக் காரணத்தை அப்படியே குறித்துக்கொள்ளவேண்டும்; அதற்கு இசை இலக்கணத்திலிருந்து ஒரு நியாயத்தைத் தேடிப் பிடித்து ஒட்டவேண்டிய தேவையில்லை.

ஒரே பாட்டை மூன்று முறை கேட்பது

நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை எடுத்துக்கொள்வோம். கிடாரோடு தொடங்கும் இந்தப் பாட்டை அறியாதவர் நம்மிடையே குறைவு. முதல் முறை கேட்கும்போது குரலை மட்டும் பின்தொடருங்கள். எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை நீட்டுகிறார், எங்கே குரலை வேண்டுமென்றே மெலிதாக்குகிறார் என்று கவனியுங்கள். இரண்டாம் முறை குரலை ஒதுக்கிவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிடாரை மட்டும் கேளுங்கள். அது பாட்டின் மெட்டைத் திருப்பிச் சொல்வதில்லை. தனக்கென்று ஒரு வழியில் ஏறி இறங்கி, பாடகர் நிறுத்தும் இடங்களில் தானே பேசுகிறது. மூன்றாம் முறை, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் இசையை மட்டும் கேட்டு, எந்தக் கருவி எந்தக் கருவிக்கு இடம் விட்டு விலகுகிறது என்று பாருங்கள்.

மூன்று முறையும் முடிந்த பிறகு, எந்த முறை கேட்டபோது உங்கள் கவனம் வேறெங்கும் போகாமல் நின்றது என்று யோசியுங்கள். உங்கள் ரசனையின் முதல் அடையாளம் அதுதான். குரலில் நின்றவருக்கும் பேஸில் நின்றவருக்கும் பிடித்த பாட்டு ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இருவரும் அடுத்துப் போகவேண்டிய திசைகள் வேறு.

இதைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் செய்தால் பலன் பாதிதான். பேஸ் கிடாரின் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது; விரலகல ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தரவே முடியாது. சுமாரான இயர்போன் ஒன்று போதும். ஆனால் தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போகும்போது கேட்பவர்கள், எஞ்சின் சத்தத்தை மீறுவதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர்க்கவேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபெல்தான் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நுணுக்கமாகக் கேட்கும் பயிற்சிக்கு வீட்டின் இரவு அமைதியே ஏற்றது.

ராகத்தில் நிற்பவர்களுக்கு

மெட்டுதான் உங்களை இழுக்கிறது என்றால், ஒரே ராகத்தில் அமைந்த பாடல்களை வரிசையாகக் கேட்பதைப் போன்ற நல்ல வழி வேறில்லை. கர்நாடக சங்கீதம் நமக்கு எட்டாது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்குத் தெரிந்த பழைய படப் பாடல்களே அந்த வாசலைப் பாதி திறந்து வைத்திருக்கின்றன.

சாருகேசி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' இந்த ராகம். 1958இல் 'சாரங்கதரா' படத்துக்காக ஜி. ராமநாதன் இசையில் டி.எம்.எஸ். பாடிய 'வசந்த முல்லை போலே வந்து' இதே ராகம். 1963இல் 'குங்குமம்' படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடிய 'தூங்காத கண்ணென்று ஒன்று' பாட்டும் சாருகேசிதான். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதலாவதில் துள்ளலும் இரண்டாவதில் மயக்கமும் மூன்றாவதில் ஏக்கமும் மேலே தெரியும். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே சாயல் ஓடுவதைக் காது தானாகவே பிடித்துக்கொள்ளும். ஏழு சுரங்களும் கொண்ட தாய் ராகங்களின் வரிசையான மேளகர்த்தாவில் சாருகேசி 26ஆவது ராகம். இதன் கீழ்ப்பாதியில் சங்கராபரணத்தின் சுரங்களே இருக்கின்றன. பஞ்சமத்துக்கு (ப) மேலே தைவதமும் (த) நிஷாதமும் (நி) இறங்கி ஒலிக்கின்றன. கீழே நிற்கும்போது மலர்ச்சியும் மேலே ஏறும்போது இரக்கமும் தோன்றுவதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

அந்தச் சாயல் காதில் நன்றாகத் தங்கிய பிறகு, லால்குடி ஜெயராமன் சாருகேசியில் இயற்றிய 'இன்னம் என் மனம்' என்ற தமிழ் வர்ணத்தைக் கேளுங்கள். அதற்கு அடுத்து, தியாகராஜரின் 'ஆடமோடி கலதே' கீர்த்தனையை, முன்னால் வரும் ஆலாபனையோடு சேர்த்துக் கேளுங்கள். சொற்களே இல்லாத அந்த ஆலாபனையில் 'தூங்காத கண்' பாட்டின் ஏதோ ஒரு மூலையை நீங்களாகவே அடையாளம் காணும்போது, கச்சேரி இனி அயலாருடைய கலையாக உங்களுக்குத் தோன்றாது. ராகத்தின் பெயர் தெரியாமலேயே இதைச் செய்யலாம். பெயர் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

குரலில் நிற்பவர்களுக்கு

நம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் காலத்தில், இரவு முழுதும் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு உச்சத்தில் நின்று பாடும் குரல் புதிதில்லை. கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு, ஆடியபடியே, ஆர்மோனியத்தின் உயர்ந்த கட்டையில் விருத்தம் இழுக்கும் அந்தத் தொண்டையைப் பிடித்திருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குப் பெரிய ஓர் உறவு வட்டமே காத்திருக்கிறது. ஒலிவாங்கி வருவதற்கு முந்தைய நாடக மேடையில் கடைசி வரிசை வரை குரல் எட்டவேண்டியிருந்ததால் உயர்ந்த சுருதியில் பாடுவது தேவையாகவே இருந்தது; எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுகளையும் கொடுமுடி தந்த கே.பி. சுந்தராம்பாளின் பாடல்களையும் கேட்டால் கூத்தின் அதே வீச்சு தெரியும். பதிவில் இரைச்சல் இருக்கிறதே என்று முதல் நிமிடத்திலேயே மூடிவிடாதீர்கள். சற்று நேரத்தில் காது இரைச்சலை விலக்கிவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அங்கிருந்து நாகூர் ஹனிபாவின் கம்பீரத்துக்கும், அவரிலிருந்து பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானுக்கும் போகலாம். கவ்வாலியில் ஆர்மோனியமும், பின்னால் அமர்ந்தவர்கள் வரியைத் திருப்பிப் பாடுவதும், கைத்தட்டலில் வேகம் ஏறிக்கொண்டே போவதும் கூத்தின் பின்பாட்டு கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். உருதும் பஞ்சாபியும் புரியவில்லை என்பது முதல் சில முறைகளுக்குத் தடையாகாது.

இதற்கு நேர் எதிராக, அடங்கிய குரல்தான் பிடிக்கும் என்பவர்களும் உண்டு. அவர்கள் பி.பி. ஸ்ரீநிவாஸிடமிருந்தும் ஸ்வர்ணலதாவிடமிருந்தும் தொடங்கவேண்டும்.

தாளத்தில் நிற்பவர்களுக்கு

பம்பை ஒலித்தால் கால் தரையில் நிற்காது என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் மயானக் கொள்ளைக்குக் காவேரிப்பட்டணம் போனவர்கள் அந்த ஒலியைத் தேடிப் போகவேண்டியதே இல்லை; தெருவில் நின்றாலே போதும். அடுத்த முறை கூட்டத்தோடு நகர்ந்துவிடாமல், பம்பைக்காரர் அருகில் சிறிது நேரம் நின்று கேளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளைகள் அவர் இடுப்பில் தொங்குகின்றன. ஒன்று மரத்தால் ஆனது, மற்றொன்று வெண்கலத்தால் ஆனது. இரண்டின் ஒலியும் வேறு. வெண்கலத்தின் கூர்மையான அடிகள் மேலே வெடித்துக்கொண்டிருக்க, அடியில் நடை மாறாமல் ஓடுகிறது. அருள் ஏறும் இடம் நெருங்கும்போது வேகம் கூடுவது மட்டுமன்றி, அடிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளும் நிரம்பிவருவதைக் கவனிக்கலாம். இந்த ஒன்றைக் கவனித்துவிட்டால், உலகத்தில் எந்தத் தாளக் கருவியைக் கேட்பதற்கும் உங்களிடம் சாவி இருக்கிறது.

அந்தச் சாவியோடு முதலில் தவிலிடம் போங்கள். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து வாசிக்கும் தவில், நம் வீட்டுக் கல்யாணங்களில் கெட்டிமேளத்தோடு முடிந்துபோகிறது. வலையப்பட்டி சுப்பிரமணியம் போன்றவர்களின் தனி வாசிப்பைப் பதிவில் கேட்டால்தான் அதன் முழு ஆற்றல் புரியும். பிறகு திருப்புகழுக்கு வாருங்கள். அருணகிரிநாதர் அரூருக்கு அருகிலுள்ள தீர்த்தமலையையும் பாடியிருக்கிறார். அவருடைய சந்தம் சொல்லாலேயே வாசித்த தாளம் என்பதால், பொருள் பார்க்காமல் முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. அதற்கு மேல், விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் ஜான் மக்லாஃப்ளினின் கிடாரோடு சேர்ந்து ஒலித்த 'சக்தி' குழுவின் 1970களின் பதிவுகள் இருக்கின்றன. கடைசியாக நைஜீரியாவின் டோனி ஆலன். ஃபெலா குட்டியோடு சேர்ந்து ஆப்ரோபீட் என்ற வகையை உருவாக்கிய இந்த டிரம்ஸ் கலைஞரின் இரு கைகளும் இரு கால்களும் நான்கு வெவ்வேறு பேச்சுகளைப் பேசும். பம்பையின் இரண்டு குரல்களைப் பிரித்துக் கேட்டுப் பழகியவருக்கு அந்த நான்கையும் பிரிப்பது கடினமாக இராது.

பேஸில் நின்றவர்கள் ஜமைக்காவின் ரெகே இசைக்கு, பாப் மார்லியிடம் போகலாம். அங்கே பேஸ்தான் முன்னால் நடக்கிறது. இடையிசையின் வயலின் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இளையராஜாவே வழி காட்டியிருக்கிறார்: தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) வணக்கமாக அவர் 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைக் கேட்டுவிட்டு, பாக்கின் தனி வயலின் படைப்புகளுக்குப் போவதே முறை.

நமக்கு மட்டும் வாய்த்த மும்மொழிக் காது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே முற்றத்தில் புழங்குகின்றன. தருமபுரி பண்பலையைக் கேட்டுவிட்டு, அதே வானொலியில் பெங்களூரு நிலையத்தைத் திருப்புவது அங்கே அன்றாட வழக்கம். இசை ரசனைக்கு இது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நாம் இன்னும் உணரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. தமிழ் மட்டுமே அறிந்த ரசிகர் தியாகராஜரின் சொல்லை ஓசையாக மட்டுமே கேட்கும் இடத்தில், தெலுங்கு பேசும் ராயக்கோட்டைப் பாட்டி அதன் கெஞ்சலையும் கோபத்தையும் நேராகக் கேட்கிறார். புரந்தரதாசரின் பதங்கள் கன்னடம் பேசும் வீட்டுக்கு அப்படித்தான்.

இந்தச் செல்வத்தைப் பயன்படுத்துவதற்கு எளிய வழி, ஒரே கலைஞரை அல்லது ஒரே பாட்டை மொழி தாண்டிப் பின்தொடர்வது. தமிழில் 'காலங்களில் அவள் வசந்தம்' பாடிய பி.பி. ஸ்ரீநிவாஸ்தான் கன்னடத்தில் ராஜ்குமாரின் பாட்டுக் குரலாக நெடுங்காலம் இருந்தவர். 1974க்குப் பிறகு ராஜ்குமார் தாமே பாடத் தொடங்கினார். இருவருடைய பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டு, திரையில் ஒரே முகத்துக்கு இரண்டு குரல்கள் எப்படிப் பொருந்தின என்று பாருங்கள். புரந்தரதாசரின் 'பாக்யதா லக்ஷ்மி பாரம்மா' பாட்டை எம்.எஸ். சுப்புலட்சுமி கர்நாடக முறையில் பாடியிருக்கிறார். கர்நாடக மாநிலத்தில் பிறந்த பீம்சேன் ஜோஷி இந்துஸ்தானி முறையில் பாடியிருக்கிறார். சொல் ஒன்றாகவே இருப்பதால், இரண்டு சங்கீத முறைகளுக்கும் உள்ள வேறுபாடு எந்தப் பாடநூலும் இல்லாமல் காதுக்கு விளங்கிவிடும். திரைப்பாட்டைத் தாண்டிக் கன்னடத்தில் கேட்க விரும்புபவர்கள், கன்னடக் கவிஞர் சிசுநாள ஷரீஃபின் பாடல்களைச் சி. அஸ்வத் பாடியதிலிருந்து தொடங்கலாம்.

குறித்து வைப்பது

ஒரு சாதாரண நோட்டு போதும். பாட்டின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், பிடித்த இடம் எத்தனையாவது நிமிடம், ஔவையாரின் நான்கில் எது காரணம் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். "இனிமையான பாட்டு" என்று எழுதுவதில் பயனில்லை. "இரண்டாம் சரணத்துக்கு முன் புல்லாங்குழல் நின்று, குரல் தனியாக ஒலிக்கும் இடம்" என்று எழுதினால் பின்னால் உதவும். முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்தவேண்டாம். பாட்டுக்குப் பாட்டு போட்டி வைக்கும்போது நம் கவனம் பாட்டை விட்டுத் தீர்ப்புக்குப் போய்விடுகிறது.

பிடிக்காதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆனால் அதில் எழுதும் முன், வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது கேட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப எதிர்கொள்வதாலேயே ஒன்றின்மீது விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார். பழகாமையைப் பிடிக்காமை என்று எண்ணிவிடும் வாய்ப்பு அதனால் எல்லோருக்கும் உண்டு. மூன்று முறைக்குப் பிறகும் பிடிக்காவிட்டால் தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

யூடியூபும் பிற செயலிகளும் தாமாகக் காட்டும் அடுத்த பாட்டையே நம்பியிருந்தால் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே கேட்டதை ஒத்ததையே அவை பெரும்பாலும் தருகின்றன. உங்கள் நோட்டிலிருந்து ராகத்தின் பெயரையோ கருவியின் பெயரையோ எடுத்து நீங்களே தேடுங்கள்.

நேரில் கேட்பது

நாகஸ்வரத்தைப் பதிவில் கேட்பதும் பத்தடி தொலைவில் கேட்பதும் ஒன்றாகாது. அதற்கு முன்பயிற்சியாக, 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' பாட்டையும், அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அடுத்து வரும் கல்யாணத்தில், பந்திக்கு ஓடாமல் மேளக்காரர்களுக்கு எதிரே உட்காருங்கள். கூட்டம் கவனிக்காத நேரத்தில்தான் பல வித்வான்கள் தங்கள் மனதுக்கு ஏற்ற ராகத்தை நீட்டி வாசிக்கிறார்கள். வாசிப்பை நிறுத்தி, நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, "அண்ணா, இப்ப வாசிச்சது என்ன ராகம்ங்க?" என்று பணிவாகக் கேளுங்கள், கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், சில வேளை இன்னொரு முறை வாசித்தும் காட்டுவார்கள்.

முழுக் கச்சேரி கேட்க விரும்புபவர்கள் சென்னை மார்கழிக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. பெங்களூரு சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939 முதல் இராமநவமி இசை விழா நடத்திவருகிறது. ஓசூரிலிருந்து அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவுதான். கச்சேரிகள் மாலையில் தொடங்கி இரவுவரை நீள்பவை என்பதால், திரும்பும் பேருந்தை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கச்சேரிக்குக் குரலையோ வயலினையோ நோட்டில் உங்களுக்குப் பிடித்தது என்று தெரியவந்த அங்கத்தையோ மட்டும் பின்தொடர்ந்தால் போதும். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டத்தில் சிலர் எழுந்து போவார்கள். தாளத்தில் நிற்பவர் நீங்கள் என்றால், அதுவே முன் வரிசைக்கு நகர்ந்து உட்காரவேண்டிய நேரம்.